பின் எல்லையில் ஒரு அடி நிலம்

மனைப்பிரிவு இடத்தை நேரில் பார்க்கப் போகும்போது ஓடுவதற்கு வசதியான செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். இத்தனை வருஷ சர்வீசில் நான் கற்றதில் உங்களுக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அது என்னைவிடக் கோர்வையாகப் பேசும்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவனை, "புதுசா சேர்ந்திருக்கிற பசங்களுக்கு நாலு வார்த்தை எழுதுங்க சார்" என்று கேட்டார்கள். நாலு வார்த்தையில் அடங்குகிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். "உங்க வீரதீரத்தைப் பத்தி எழுதுங்களேன்" என்றாள் வீட்டுக்காரி. அதற்கு நாலு வார்த்தையே அதிகம். ஆகவே என் பயத்தைப் பற்றி எழுதுகிறேன். என்னிடம் ஏராளமாக இருப்பது அதுதான்.

மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தருகிற எங்கள் நந்தனத்து அலுவலகத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே கொஞ்சம் தயங்கினால், பக்கத்தில் நிற்பவரிடம் என் குடும்பத்தை ஒப்படைத்துவிடுவேன். நங்கநல்லூரில் ஒரு மனையைப் பார்க்கப் போன இடத்தில் நாய் இருக்கிறது என்று மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தபடியே அளவு சொன்னவன் நான். நாய் சங்கிலியில் இருந்தது, அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். சொன்னவர்கள் நாய்க்கு வேண்டியவர்கள்.

இப்படிப்பட்ட ஒருவனிடம்தான் அபிராமபுரத்து ஃபைல் வந்தது.

அபிராமபுரத்திலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்குகிற ஒரு தெருவில் பெரிய பழைய பங்களா. சுற்றிலும் மாமரமும் கிணறுமாகத் தோட்டம். உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர். ரங்கநாதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். அவ்வளவு பெரிய இடத்தைப் பெருக்கிக் கூட்டவே ஆள் கிடைக்காமல், பங்களாவை இடித்து நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்க விண்ணப்பம் போட்டிருந்தார். தெருவிலிருந்து உள்ளே நேராக ஒரு சாலை, இரண்டு பக்கமும் மனைகள், முன் மூலையில் பூங்காவுக்கு இடம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், உங்கள் வீட்டில் யாராவது எடுத்து வாசித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். மனைப்பிரிவுக்குள் போடுகிற சாலையை உரிமையாளர் தானமாக மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு அது ஊர் சொத்து. அதில் யார் வேண்டுமானாலும் போகலாம். யாரும் கதவு போட முடியாது.

வரைபடத்தை மேஜையில் விரித்துப் பார்த்தேன். சாலை அகலம் சரி, பூங்கா சரி, மனைகளின் அளவு சரி. சாலை போய் முடிகிற பின் எல்லையில் மட்டும் கோடு கொஞ்சம் தடித்திருந்தது. மை கசிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். உங்களில் யாரும் சிரிக்க வேண்டாம். பெரிய தப்புகள் எல்லாம் மை கசிந்த மாதிரிதான் இருக்கும்.

நேரில் பார்த்துவிட்டு வந்து ஒப்புதலுக்கு எழுத வேண்டியதுதான் பாக்கி. போனேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முந்தின வாரம்தான் வேறொரு பேட்டையில் நோட்டீஸ் ஒட்டப் போன எங்கள் ஆட்களைத் தெருவே திரண்டு வந்து சூழ்ந்துகொண்டிருந்தது. போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காபி கொடுத்து அனுப்பினார்களாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் காய்ச்சல் வந்துவிட்டது.

பங்களா வாசலில் வரைபடம் போட்ட இன்ஜினியர் காத்திருந்தார். அவருக்குப் போன் வந்தது. "நீங்க பாத்துட்டே இருங்க சார், இதோ வந்துடறேன்" என்று மாமரத்து நிழலுக்கு ஒதுங்கினார். நான் சுருட்டிய வரைபடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தோட்டத்தின் நடுவே வந்து நின்றேன். மனைகளுக்கும் சாலைக்கும் முளை அடித்து நூல் கட்டியிருந்தார்கள். தோட்டத்தின் கோடியில் உயரமான மதில், அதில் பூட்டிய இரும்புக் கேட். நல்ல வெயில். குயில்கூடக் கத்தியது.

அப்போதுதான் மேளம் கேட்டது. கூடவே விசில், ஆட்டம், ஒரு பட்டாசு.

ஆபீசரை அடிக்க வருகிறவர்கள் மேளதாளத்தோடு வருவார்களா என்று கேட்பீர்கள். பயந்தவனிடம் நியாயம் கேட்கக் கூடாது. சத்தம் பங்களாச் சுவரில் மோதித் திரும்பியதால், கூட்டம் முன்வாசல் வழியாக வருகிறது என்று முடிவுகட்டி, பின்பக்கக் கேட்டை நோக்கி ஓடினேன். அதாவது, கூட்டத்தை நோக்கியே ஓடினேன். கேட்டை நெருங்கும்போது, சாலையோரத்துக்குக் கட்டியிருந்த நூல் காலில் மாட்டியது. குப்புற விழுந்தேன்.

விழுந்தவன் உடனே எழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. எழுந்திருக்கத் தைரியம் இல்லாமல் கிடந்தேன். கிடந்தபடி பார்த்தேன். என் உடம்பு முழுக்க சாலைக்கு ஒதுக்கிய இடத்தில் இருந்தது. கழுத்துக்குக் கீழே, சாலை முடிகிற இடத்தில் குறுக்கே கட்டிய நூல். நூலுக்கும் மதிலுக்கும் நடுவே என் தலை கச்சிதமாக அடங்குகிற இடைவெளி. ஒரு அடி.

சாலை மதில் வரைக்கும் வரவில்லை. ஒரு அடி முன்னாலேயே நின்றுவிட்டது. மை கசியவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வரைபடத்தில் ஒரு அடி நிலம் என்பது ஒரு கோட்டின் தடிமன்.

அதற்குள் ரங்கநாதன் சாவியோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "அடிகிடி பட்டுடுத்தா சார்? செத்த நகந்துக்கோங்கோ, அவா வந்துட்டா" என்று என்னைத் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தார். கேட் விரிந்தது. முதலில் மேளக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் பூப்பல்லக்கு மாதிரி ஒரு பாடை. யாரோ ஒரு மூதாட்டி நெற்றி நிறையப் பொட்டோடு படுத்திருந்தாள்.

முன்னால் வந்த மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைக் குனிந்து பார்த்தார். "இன்னா சார், நாங்க ஒருத்தரைத் தூக்கினு வந்துகினு கீறோம், நீ வேற படுத்துகினு கீற? எயுந்து ஓரமா நில்லு நைனா. உனுக்கு இன்னும் டைம் கீது."

எழுந்து நின்றேன். ஊர்வலம் என்னைக் கடந்து, தோட்டத்தின் நடுவே, சாலை வரப்போகிற இடத்திலேயே நடந்து முன்வாசலுக்குப் போயிற்று. இறைத்துக்கொண்டே போன பூவில் பாதி என்மேலும் வரைபடத்தின் மேலும் விழுந்தது. ரங்கநாதன் கேட்டருகில் ஒதுங்கிக் கைகூப்பி நின்றார்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்து ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் கேட்டோடு நின்றுவிட்டார்கள். அழுது முடித்த ஒருத்தி, சாந்தி என்று பெயர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"முட்டில ரத்தம் வருது பாரு சார். மண்ணு தட்டு."

"யாரும்மா இறந்தது?"

"எங்க பக்கத்தூட்டு ஆயா. மீனு விக்கும். நேத்து வரிக்கும் என்னாண்ட சண்ட போட்டுகினு இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "நீ ஆபீசரா? எடத்தை பிளாட்டு போடறாங்களாமே. கேட்டு இருக்குமா சார்?"

நான் ரங்கநாதனைப் பார்த்தேன். ரங்கநாதன் கிணற்றைப் பார்த்தார்.

"கேட் எதுக்கும்மா? உங்களுக்கு வழி இல்லையா?"

"கீது. சந்து கீது. ஆனா நடுவுல திரும்புற எடத்துல ரெண்டு பக்கமும் மதிலு. நடக்கிறவன் ஒடம்ப ஒடுக்கிகினு பூந்து போய்டுவான். படுத்துகினு போறவங்களுக்குத்தான் சார் இந்த கேட்டு."

"கேட் இல்லைன்னா?"

"இன்னா பண்றது? நிக்க வெச்சுதான் எடுத்துனு போவணும். எங்க மாமனாரை அப்டித்தான் எடுத்தாங்களாம். கவுத்த கட்டி, ரெண்டு பேரு தோள்ல கைய போட வெச்சு, உசுரோட கீறவரு மாறி. தல இப்டியும் அப்டியும் ஆடிகினே போச்சாம். என் மாமியா சாவுற வரிக்கும் அதையேதான் சொல்லிகினு இருந்துச்சு. செத்தவரைப் போய் நிக்க வெச்சுட்டோமேன்னு."



"எங்கப்பா மாடியில நின்னுண்டு அதைப் பாத்திருக்கார்" என்றார் ரங்கநாதன், கிணற்றைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அப்போ இந்த மதில்ல கேட் கெடையாது. மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு இடிக்கச் சொன்னார். சாவி பின்கட்டுல ஆணியில தொங்கும். மேளம் கேட்டா எங்காத்துல இருக்கறவா யாராவது எடுத்துண்டு ஓடணும். நான் காலேஜ் படிக்கறச்சேலேர்ந்து ஓடிண்டிருக்கேன் சார்."

"அப்போ இந்த ஒரு அடி?"

 போனை முடித்துக்கொண்டு வந்த இன்ஜினியர் சொன்னார். "ரூல்ல எந்தத் தப்பும் இல்ல சார். ரோடு முட்டிப்போய் நிக்கலாம். அந்த ஒரு அடி சாரோட பேர்லயே இருக்கும். அதுல மதில் எழுப்பிடுவோம். மனை வாங்க வர்றவங்க மொதல்ல பின்னாடி என்னன்னுதான் கேக்கறாங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவர் வேலை அது. ரோடு முழுவதும் ஊருக்குப் போகும். கடைசி ஒரு அடி மட்டும் போகாது. அந்த ஒரு அடியைத் தாண்டுகிற உரிமை யாருக்கும் இருக்காது. இவ்வளவு சின்ன நிலத்தில் இவ்வளவு பெரிய கதவை நான் பார்த்ததில்லை.

"சொல்லேன் சார், கேட்டு இருக்குமா?" என்றாள் சாந்தி மறுபடியும்.

இந்த மாதிரி நேரத்தில் நம் ஆட்கள் சொல்வதற்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது. "பரிசீலிக்கிறோம்." அதைச் சொன்னேன். அவள் என் முகத்தையும் முட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அய்ய, மொதல்ல அந்த முட்டியப் பரிசீலி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அலுவலகத்துக்கு வந்து, கையோடு உட்கார்ந்து எழுதினேன். "பின்புறக் குடியிருப்பில் வாழும் ஏழை எளியோர், இறந்தவர் உடலை மரியாதையுடன் எடுத்துச் செல்ல இவ்வழியையே நம்பியிருப்பதால்..." என்று தொடங்கி ஒரு பக்கம். வாசித்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர். என் குறிப்பை வாசித்து நானே அழுதது அதுதான் முதல் தடவை. என் மற்ற குறிப்புகளுக்கு மற்றவர்கள்தான் அழுவார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபைல் போகப்போகிற பாதையை யோசித்தேன். அடுத்த மேஜையில் இருப்பவர் நல்லவர். அதனால் பொறுப்பாகக் கேட்பார்: யார் இந்தக் குடியிருப்பினர்? அதற்கடுத்த மேஜை: ஆற்றங்கரையா? நிலம் யாருடையது? அதற்கடுத்தது: பட்டா உண்டா? முன்பு வேறொரு குடிசைப் பகுதிக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று நல்ல மனசோடு ஒருவர் எழுதிய குறிப்பு இப்படித்தான் மேஜை மேஜையாக ஏறிப்போயிற்று. கடைசியில் குழாய் வரவில்லை, லாரி வந்தது. அந்தக் குடும்பங்கள் அண்டா குண்டாவோடு ஊருக்கு வெளியே எங்கோ போய் இறங்கின. அந்த ஃபைல் என் மேஜையையும் தாண்டித்தான் போயிருந்தது.

 செத்தவர்களுக்கு வழி கேட்கப் போய், இருக்கிறவர்களின் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடுவேன் போலிருந்தது. அழகாக எழுதிய பக்கத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். யாரும் பொறுக்கி ஒட்டிவிடுவார்களோ என்று பயந்து பாதியைக் கழிப்பறையில் போட்டு, பாதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு எழுதியது இது: "பின்புற நிலங்களின் எதிர்கால இணைப்பு கருதி, உட்சாலை பின் எல்லை வரை நீட்டிக்கப்பட வேண்டும்." அவ்வளவுதான். ஏழை இல்லை, எளியோர் இல்லை, மரியாதை இல்லை, மனிதர்களே இல்லை. நான் எழுதியதிலேயே வறட்டுத்தனமான வாக்கியம்.

உங்களில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். கவனமாக இருங்கள். நம் தொழிலில் சில பேரைக் காப்பாற்ற ஒரே வழி, அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் இருப்பது.

ஃபைலை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். நாங்கள் மேடம் என்று மட்டுமே அழைத்த அம்மாள். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. வரைபடத்தை அவர் மேஜையில் விரித்தேன். உள்ளிருந்து கொட்டின, ஒரு பிடி சாமந்தி இதழ்கள்.

மேடம் இதழ்களைப் பார்த்தார். என் கிழிந்த பேன்ட்டைப் பார்த்தார்.

"என்னய்யா, சைட்டுக்குப் போனியா, கல்யாணத்துக்குப் போனியா?"

"சைட்டுக்குத்தான் மேடம்."

குறிப்பை வாசித்தார். "முட்டிப்போய் நிக்கிற ரோடு ரூல்படி செல்லும். எதுக்கு நீட்டச் சொல்ற?"

"எதிர்காலத்துக்கு மேடம்."

"பின்னாடி இருக்கிற எடத்துக்கு அப்படி என்ன எதிர்காலம்?"

பொய் சொல்லத் தெரியாத வாய் எனக்கு. பயத்தில் அது தானாகவே வேலை செய்யும். "எல்லாருக்கும் ஒருநாள் வர்றதுதான் மேடம்" என்றது.

மேடம் வெகுநேரம் என்னைப் பார்த்தார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பிறகு நான் சிவப்பில் வட்டமிட்டிருந்த ஒரு அடியைப் பேனா முனையால் தொட்டார்.

"எல்லைன்னா எந்த எல்லை? இதுக்கு இந்தப் பக்கம்தான் எல்லைன்னு நாளைக்கு வந்து நிப்பாங்க. வழி விடறதுக்கு எழுதறப்பவே ஓட்டையும் வெச்சு எழுதுவியா நீ?"

என் வாக்கியத்துக்குக் கீழே அவரே எழுதினார்: "தனியார் பெயரில் பட்டை நிலம் ஏதும் விடாமல், சாலையின் முழு அகலத்துக்கும் மதிலை அகற்றி." கையெழுத்துப் போடுவதற்கு முன், மேஜையில் கிடந்த இதழ்களைக் கூட்டி அள்ளினார். குப்பைக்கூடையில் போடவில்லை. ஜன்னலோரத் தொட்டிச்செடியின் மண்ணில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். யார், என்ன என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுத வேண்டி வரும்.

நிபந்தனை போன சில நாளில், ரங்கநாதன் என்னைத் தேடி வருவதாகக் கீழேயிருந்து சொன்னார்கள். மேல்முறையீட்டுக்குத் தயார் என்று இன்ஜினியர் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார். நான் என்ன செய்தேன்? கேன்டீனில் போய் ஒளிந்துகொண்டேன். அவர் நேராகக் கேன்டீனுக்கே வந்தார். படியேறிய களைப்பில் அவருக்கும் காபி வேண்டியிருந்தது.

எதிரே உட்கார்ந்து ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"அப்பீல் போனா ஜெயிக்கலாம்கறார் இன்ஜினியர். நெஜமா?"

"ஜெயிக்கலாம் சார்" என்றேன். உண்மை அதுதான். எங்கள் நிபந்தனைக்குப் பின்னால் பலமான விதி எதுவும் இல்லை. ஒரு எதிர்காலம்தான் இருந்தது.

"ஜெயிச்சுட்டு?" டம்ளரைக் கீழே வைத்தார். "மறுபடியும் மேளம் கேக்கும். எனக்கு ஓடிப் பழக்கம். எழுந்து ஓடிடுவேன். கையில சாவி இருக்கும், பூட்டு இருக்காது. மதில்கிட்டப் போய் நின்னுண்டு நான் என்ன பண்றது?"

அவருக்கு இன்னொரு காபி சொன்னேன். 

"பின்னாடி மனையை யாரும் வாங்க மாட்டாங்கறார். வாங்க வேண்டாம். அதை நானே வெச்சுண்டு சின்னதா ஒரு வீடு கட்டிக்கறேன். எனக்கு மேளம் பழகிப்போச்சு." பையிலிருந்து திருத்திய வரைபடத்தை எடுத்து என்முன் வைத்தார். அதில் சாலை மதிலைத் தாண்டி ஒரு நூலளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "கோடு செத்தக் கூடவே போயிடுத்து. என் கை நடுக்கம். பாதகமில்லையே?"

"பாதகமில்லை சார்."

ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். பங்களா இல்லை. வரிசையாக வீடுகள். சாலை நேராகப் போய், மதில் இருந்த இடத்தைத் தாண்டி, சாந்தியின் தெருவில் சேர்ந்துவிடுகிறது. கடைசி மனையில் சின்ன வீடு, வாசலில் ஒரு பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கிட்டப் போவதற்குள் முதல் வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். என் வயசுக்குப் பிள்ளை மாதிரி, அரைக்கால் சட்டையில் ஒரு இளைஞர்.

"என்ன சார் தேடறீங்க, வீடா? முன்கூட்டியே சொல்லிடறேன், இந்த ரோடு த்ரூ ரோடு. நாள் பூரா ஆட்டோவும் தண்ணி வண்டியும் போகும். எந்த மகானுபாவன் பிளான் பாஸ் பண்ணானோ."

"மகா மக்கு சார் அவன்" என்றேன். "கீழ விழுந்தாத்தான் புத்தி வரும்."

அவர் சிரிக்க வாயைத் திறந்தார். அப்போது ஆற்றுப் பக்கமிருந்து மேளம் கேட்டது.

நான் வழக்கம்போல ஓடுவதற்கு ஒரு காலைத் தூக்கிவிட்டேன். இளைஞர் என்னைக் கவனிக்கவில்லை. உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, சாலையில் நிறுத்தியிருந்த தன் காரை வீட்டுக்குள் ஏற்றினார். எதிர்வீட்டுப் பெண்மணியும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் ஓரம் கட்டினாள். கடைசி வீட்டுப் பெரியவர் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு, ஒதுங்கிக் கைகூப்பி நின்றார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

காரை ஏற்றிவிட்டு வந்த இளைஞர், சாலை நடுவில் ஒற்றைக் காலில் நின்றிருந்த என்னைத் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்தினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். அவங்க வழி இது."

ஃபைலில் நான் எழுதத் துணியாத வார்த்தை அது. தள்ளி நின்றேன்.